விலையா, கடையா? உயர்ரக ஹெட்போன் வாங்குவோர் கேட்ட கேள்விகள்

உயர்ரக ஹெட்போன்களைப் பற்றி வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை ஒலித்தரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எங்கே வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது, விலையைக் குறைத்தால் எதை இழப்போம் என்றே கேட்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போனை எங்கள் ஊர்க் கடையொன்றில் இரண்டு மாலைகள் உட்கார்ந்து கேட்டேன். கடைக்காரர் முகம் சுளிக்காமல் மூன்று ஆம்ப்ளிஃபையர்களில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். அதே மாடல் ஆன்லைனில் அவர் சொன்ன விலையைவிட 7,000 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. ஆன்லைனில் வாங்குவது தவறா? அந்த 7,000 ரூபாய்க்குக் கடைக்காரர் எனக்கு என்னதான் தருகிறார்?
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: உங்களுடைய இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அது தெளிந்தால் முதல் கேள்விக்கும் வழி பிறந்துவிடும்.

கடைக்காரரின் சேவை என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் பல உதவிகள் தனித்தனியாக அடங்கியிருக்கின்றன. வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்கும் வாய்ப்பு, எது நமக்குப் பொருந்தும் என்ற ஆலோசனை, பெட்டியைப் பிரித்ததும் குறை தென்பட்டால் உடனே மாற்றித் தருவது, வாரண்டிக் காலத்தில் கம்பெனிக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கித் தருவது, வாரண்டி முடிந்த பிறகு உதிரி பாகம் வரவழைத்துக் கொடுப்பது ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அவர் விலை சொல்கிறார். இவற்றில் எதை ஏற்கெனவே பெற்றுக்கொண்டோம், எது இனிமேல் தேவைப்படும், எது கடைசிவரை தேவைப்படாது என்று பிரித்துப் பார்ப்பவருக்கே அந்த விலை நியாயமா இல்லையா என்பது விளங்கும்.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாடல் 1997-இல் வெளிவந்தது. இன்றும் விற்பனையில் இருக்கிறது. கேபிளை இருபுறமும் கழற்றலாம். காதைச் சுற்றி அமரும் பேடுகள், அவற்றுக்குள் இருக்கும் மெல்லிய பஞ்சுத் தகடு, தலைப்பட்டையின் மெத்தை, ஏன், ஒலியை எழுப்பும் பாகமான டிரைவரைக்கூட வீட்டிலேயே மாற்றிக்கொள்ளும்படி அதை அமைத்திருக்கிறார்கள். ஆகவே, வாரண்டிக்குப் பிந்தைய உதவி என்ற தலைப்பில் கடைக்காரருக்கு நீங்கள் தர வேண்டியது அதிகமில்லை. ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள, காந்தத் தகடுகளும் மெல்லிய சவ்வும் கொண்ட பிளேனார் வகை ஹெட்போனைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டிருந்தால், சிறிதும் தயங்காமல் கடையிலேயே வாங்குங்கள் என்று எழுதியிருப்பேன். அதில் ஒரு பக்கம் போனால் உங்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

ஆனால் மூன்று ஆம்ப்ளிஃபையர்களில் அவர் போட்டுக் காட்டினாரே, அதன் மதிப்பைக் குறைத்து எடைபோட வேண்டாம். இந்த ஹெட்போனின் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு, 300 ஓம். அதற்குப் போதுமான மின்னழுத்தம் பல கைப்பேசிகளிலிருந்து கிடைப்பதில்லை. ஒலி தாழ்ந்து, உயிரில்லாமல் கேட்கும். பெட்டி வீட்டுக்கு வந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர் அவசரத்தில் ஏதோ ஓர் ஆம்ப்ளிஃபையரை வாங்குவார். அது பிடிக்காமல் இன்னொன்றை வாங்குவார். அந்த வழியில் போகும் பணம் 7,000 ரூபாயைத் தாண்டுவது வெகு எளிது. எந்த ஆம்ப்ளிஃபையர் போதும், எதற்கு மேல் செலவிடத் தேவையில்லை என்பதை அந்த இரண்டு மாலைகளிலேயே தெரிந்துகொண்டீர்கள். அதற்காக அவர் பிரித்து வைத்திருக்கும் டெமோ பீஸைப் புதியது என்று யாருக்கும் விற்க முடியாது. கேட்டுவிட்டு வேறிடத்தில் வாங்குபவர்களுக்கான செலவும், கடையிலேயே வாங்குபவர்களின் பில்லில்தான் ஏறுகிறது.

அடுத்தது வாரண்டி. ஆன்லைனில் குறைந்த விலைக்கு விற்பவர் கம்பெனியின் அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். பெரிய விற்பனைத் தளங்களில் ஒரே பொருளைப் பலர் விற்பார்கள். தளத்தின் பெயரை நம்பி வாங்குகிறோம், பில்லில் நாம் கேள்விப்படாத வேறொரு பெயர் இருக்கும். சென்ஹைசர் நிறுவனத்தின் நுகர்வோர் பிரிவு 2022-இல் சுவிட்சர்லாந்தின் சோனோவா குழுமத்துக்குக் கைமாறியது. எனவே பழைய பட்டியல்களை நம்பாமல், கம்பெனியின் இப்போதைய இந்திய இணையதளத்தில் அந்த விற்பனையாளரின் பெயர் இருக்கிறதா என்று தேடுவது நல்லது. பொருள் கைக்கு வந்ததும் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். 2011-ஆம் ஆண்டின் பொதியப்பட்ட பொருள்கள் விதிகளின்படி, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும், தயாரித்த மாதமும் ஆண்டும், புகார் சொல்வதற்கான தொடர்பு விவரமும் அதில் இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கர் இல்லாத பெட்டி பெரும்பாலும் கம்பெனியின் அங்கீகாரமில்லாத வழியில் நாட்டுக்குள் வந்ததாகவே இருக்கும். அதற்கு இங்குள்ள சர்வீஸ் சென்டர் பொறுப்பேற்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவையும் கணக்கிட்டால், உங்கள் விஷயத்தில் கடைக்காரருக்கு 7,000 ரூபாய் முழுவதும் சேர வேண்டியதில்லை. ஒன்றுமே சேர வேண்டியதில்லை என்பதும் சரியில்லை. ஆன்லைன் விலையைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போங்கள். "உங்களிடம்தான் வாங்க விரும்புகிறேன், இவ்வளவு வித்தியாசம் எனக்குக் கட்டுப்படியாகாது, எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள். சிலர் விலையைக் குறைப்பார்கள்; சிலர் ஒரு ஜோடி பேடு சேர்த்துத் தருவார்கள் அல்லது ஆம்ப்ளிஃபையர் விலையில் சரிக்கட்டுவார்கள். ஆன்லைன் விலையைவிட மூவாயிரம் கூடுதல் என்ற அளவுக்கு அவர் வந்தால், நானாக இருந்தால் அங்கேயே வாங்குவேன். அவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மறுத்தால், அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் விற்பனையாளரிடம் வாங்குவதில் தவறில்லை. ஒருவருடைய இரண்டு மாலைகளை வாங்கிக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே வேறிடத்தில் பணம் கட்டுவதைத்தான் நான் தவறு என்பேன்.

கேள்வி: மதிப்புமிக்க ஒரு ஹெட்போனுக்கு விலை விசாரித்தேன். "பில் வேண்டாம் என்றால் நல்ல விலைக்குத் தருகிறேன், குறை இருந்தால் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார் கடைக்காரர். பல ஆண்டுகளாகத் தெரிந்தவர். நம்பலாமா?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: அவர் நல்லவராகவே இருக்கட்டும்; பில் இல்லாமல் வாங்காதீர்கள். ஹெட்போனுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 59,000 ரூபாய் விலையில் 50,000 பொருளுக்கும் 9,000 வரிக்கும் போகிறது. அவர் உங்களுக்கு விட்டுத்தருவதாகச் சொல்லும் தொகை அந்த 9,000-க்குள்தான் இருக்கும். தம்முடைய லாபத்திலிருந்து அவர் எதையும் குறைக்கவில்லை. அரசுக்குப் போக வேண்டிய வரியில் உங்களுக்கு ஒரு பங்கு தருகிறார். அதற்கு ஈடாக உங்கள் கையிலிருந்து போவது கம்பெனி வாரண்டி. வாங்கிய தேதியைக் காட்டும் பில் இல்லாமல் எந்தக் கம்பெனியும் வாரண்டிப் பணியை எடுத்துக்கொள்ளாது. பழக்கத்தின் பேரில் அவர் தரும் வாக்கும் அவர் கடை நடத்தும் வரையில்தான் செல்லும்.

நீங்கள் கேட்டும் பில் தர மறுப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி முறையற்ற வணிக நடைமுறை. பழகியவர் என்பதால் சண்டை வேண்டாம், "பில்லோடு கடைசி விலை என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் அந்த விலையை மற்ற இடங்களின் பில் விலையோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: உயர்ரக ஹெட்போன்களைக் கேட்டுப் பார்க்க எங்கள் பக்கத்தில் கடையே கிடையாது. சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்வர ஆகும் செலவையும் அலைச்சலையும் நினைத்தால், தள்ளுபடியில் ஆன்லைனில் வாங்குவதுதான் ஒரே வழி என்று தோன்றுகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

பதில்: கடை இல்லாத ஊரில், கேட்டுப் பார்க்கும் வாய்ப்பின் இடத்தில் இருப்பது திருப்பி அனுப்பும் வசதி. ஆகவே விலையைப் பார்ப்பதற்கு முன் அந்த நிபந்தனையைப் படியுங்கள். பல விற்பனைப் பக்கங்களில் சில நாள்களுக்குள் மாற்றித் தரப்படும் என்று மட்டும் இருக்கும். குறையுள்ள பொருளுக்குப் பதில் அதே பொருளை அனுப்புவார்கள் என்பதே அதன் பொருள். ஒலி பிடிக்கவில்லை, தலையில் அழுத்துகிறது என்பதற்காகப் பணம் திரும்ப வராது. வேறு சிலர் காதில் வைத்த பொருளைச் சுகாதாரம் கருதித் திரும்ப எடுப்பதில்லை என்று கீழே எழுதியிருப்பார்கள். உயர்ரக ஒலிக்கருவிகளை மட்டும் விற்கும் ஆன்லைன் கடைகள் சில, பிடிக்காவிட்டால் ஒரு சிறு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவதுண்டு. 40,000 ரூபாய்ப் பொருளை ஒருமுறைகூடக் கேட்காமல் வாங்கும் உங்களுக்கு, இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்த் தள்ளுபடியைவிட அந்த வசதி மேலானது. இதை நான் உறுதியாகவே சொல்கிறேன்.

ஒலியைப் பற்றி எத்தனை விமர்சனங்கள் படித்தாலும் எடையும் பிடிப்பும் அவற்றில் தெரியாது. எச்டி 600 சுமார் 260 கிராம். ஆனால் புதிதில் காதுகளை இறுக்கிப் பிடிக்கும். ஆடிஸி நிறுவனத்தின் எல்சிடி-எக்ஸ் 600 கிராமைத் தாண்டும். கழுத்துவலி உள்ளவர் அதை ஒரு மணிநேரம் அணிவதே சிரமம். கண்ணாடி அணிபவர்களுக்குக் கண்ணாடிக் கால் பேடின் கீழ் சிக்கி வலிக்கும். அந்த இடைவெளி வழியாகத் தாழ்ந்த ஒலிகளும் கசிந்துவிடும். இவற்றை முதல் நாளே ஒரு முழுக் கச்சேரியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் காதுக்கு நன்கு பழகிய பதிவையே எடுத்துக்கொள்வது நல்லது. கர்நாடக இசை கேட்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் மிருதங்கத்தைக் கவனியுங்கள். தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், எழும் கும்கி என்ற தாழ்ந்த நாதம் வளைவது தெளிவாகக் கேட்க வேண்டும். வெறும் 'தொம்' என்ற வீக்கமாகக் கேட்டால், அந்த ஹெட்போன் தாழ்ந்த ஒலியை மிகைப்படுத்துகிறது; தட்டும் விரல் மட்டும் கேட்டுக் கும்கி தேய்ந்துவிட்டால், தாழ்ந்த ஒலி போதவில்லை. வலப்பக்கமான வலந்தலையில் விழும் சாப்பு என்ற கூரிய அடி காதைக் குத்தக் கூடாது. பாடகரின் குரலில் ஸகரமும் ஷகரமும் சீறினால், இன்று பொறுத்துக்கொண்டாலும் ஒரு மாதத்தில் சலித்துவிடும். இரண்டு ஹெட்போன்களை ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் ஒன்றாக இருப்பது அவசியம். சற்றே உரத்துக் கேட்பதுதான் நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். கடைகளிலும் இந்தத் தவறு அன்றாடம் நடக்கிறது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஒலி பிடிக்கவில்லை என்று எழுதினால், சில விற்பனையாளர்கள் "இருநூறு மணிநேரம் ஓடவிடுங்கள், தானாக இளகிவிடும்" என்று பதில் போடுவார்கள். பேடுகள் நாளடைவில் மென்மையாகிக் காதோடு படிவதும், அதனால் ஒலி ஓரளவு மாறுவதும் உண்மை. ஆனால் முதல் வாரத்தில் அடியோடு பிடிக்காத ஹெட்போன் இரண்டாவது மாதத்தில் பிடித்துப்போகும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். அந்த இருநூறு மணிநேரம் முடிவதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிடும்.

கேள்வி: பயணத்தில் பயன்படுத்த, சத்தத்தைத் தடுக்கும் நல்ல வயர்லெஸ் ஹெட்போன் வாங்கப் போகிறேன். இதற்கும் கடை முக்கியமா?
(ஒரு வாசகர், சேலம்)

பதில்: இல்லை. இந்த வகையில் தள்ளுபடிக்கே முன்னுரிமை கொடுங்கள். ஆம்ப்ளிஃபையர் பொருத்தம் பார்க்கும் வேலை இதில் இல்லை. தலையில் சரியாக உட்காருகிறதா என்பதை எந்த ஷோரூமிலும் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரியின் திறன் சில ஆண்டுகளில் குறைந்துவிடும். பல மாடல்களில் அதை மாற்றுவதும் எளிதல்ல. இருபது ஆண்டுகள் வைத்திருக்கும் பொருளுக்குத் தருகிற விலையை இதற்குத் தர வேண்டியதில்லை. தீபாவளிச் சமயத் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள். சென்ற ஆண்டு மாடலுக்கு விலை நன்றாக இறங்கியிருந்தால் அதையே வாங்கலாம்.

கேள்வி: பின்புறம் திறந்த வகை ஹெட்போன் ஒன்றை நல்ல தள்ளுபடியில் ஆன்லைனில் வாங்கினேன். மூன்று வாரத்தில் இடப்பக்கம் கரகரவென்று சத்தம் வருகிறது. விற்றவர் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார். கம்பெனி விற்றவரைக் கேட்கச் சொல்கிறது. என்ன செய்வது?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: கடிதம் எழுதுவதற்கு முன் குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். முதலில் வேறொரு கைப்பேசியிலோ ஆம்ப்ளிஃபையரிலோ செருகிக் கேளுங்கள். பிறகு, உங்கள் ஹெட்போனில் கேபிள் இருபுறமும் தனித்தனியாகக் கழலும் என்றால், இடப்பக்க முனையை வலப்பக்கத்திலும் வலப்பக்க முனையை இடப்பக்கத்திலும் மாற்றிச் செருகுங்கள். கரகரப்பு வலப்பக்கம் மாறினால் கேபிளிலோ அதற்கு முன்னுள்ள கருவியிலோ குறை இருக்கிறது. இடப்பக்கமே நின்றால் குறை ஹெட்போனுக்குள்ளே.

உள்ளே என்றதும் டிரைவர் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரு கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போன்றே கரகரக்கும் ஹெட்போனை ஒருவர் கொண்டுவந்தார். கடைக்காரர் பேடை மெல்ல இழுத்துக் கழற்றி, உள்ளிருந்த பஞ்சுத் தகட்டைத் தூக்கி, கைப்பேசி வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தார். டிரைவரின் முன்புற வலை வழியாக ஒரு தலைமுடி உள்ளே இறங்கிச் சவ்வைத் தொட்டுக்கொண்டிருந்தது. தாழ்ந்த சுரம் வரும்போதெல்லாம் சவ்வு அசைந்து முடியில் உரசியிருக்கிறது. முடியின் வெளிநுனியைச் சிறு இடுக்கியால் பற்றி நேராக வெளியே இழுத்தார், சத்தம் நின்றது. காசு வாங்கவில்லை. வாங்கியவர் அதைப் பார்சல் கட்டிச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பியிருந்தால், போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகியிருக்கும். கடையின் விலையில் ஒரு பகுதி இதற்காகத்தான். இது எந்தத் தள்ளுபடிப் பக்கத்திலும் கிடைக்காது.

நீங்களும் பேடைக் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் இடுக்கியின் முனை வலைக்குள் போகக் கூடாது. திருகாணி, முத்திரை எதையும் தொடக் கூடாது. தொட்டால் வாரண்டி மறுக்கப்படும். முடி எதுவும் தெரியவில்லை என்றால், கரகரப்பு கேட்கும்படி ஒரு சிறு வீடியோ எடுத்து, விற்றவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசியது எதுவும் பிறகு உதவாது. குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் 30 நாள்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறைதான். உங்களுக்கு மூன்று வாரம் கடந்துவிட்டதால் இந்த வாரமே எழுதுவது முக்கியம். ஆன்லைன் வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணிநேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அதற்கும் மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். கடைசி வழி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் திருச்சியிலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு.

கேள்வி: ஜப்பானில் வேலை செய்யும் தம்பி, ஸ்டாக்ஸ் எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனும் அதற்கான ஆம்ப்ளிஃபையரும் அங்கே மிகவும் மலிவு, வாங்கி வரட்டுமா என்று கேட்கிறான். விலை வித்தியாசம் பெரிது. வாங்கச் சொல்லலாமா?
(ஒரு வாசகர், ஈரோடு)

பதில்: ஸ்டாக்ஸ் 1960 முதல் இந்த வகை, அதாவது நிலைமின் விசையால் சவ்வை அசைத்து ஒலி எழுப்பும் ஹெட்போன்களைச் செய்துவரும் நிறுவனம், பொருளின் தரத்தில் ஐயமில்லை. ஆனால் ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இங்கே 230 வோல்ட். அந்நாட்டுக்கென விற்கப்படும் ஆம்ப்ளிஃபையரை இங்கே நேராகச் செருகினால் பழுதாகிவிடக்கூடும். வேறு ஆம்ப்ளிஃபையரில் போட்டுக்கொள்ளலாம் என்றும் எண்ண முடியாது. இதன் சவ்வுக்கு 580 வோல்ட் நிலைமின்னழுத்தம் தேவை, அதைத் தருவதற்கென்றே செய்த ஆம்ப்ளிஃபையரில் மட்டுமே இது பாடும். 230 வோல்ட்டை 100 ஆக இறக்கித் தரும் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கினால் பயன்படுத்தலாம். ஆனால் வீட்டில் யாராவது ஒரு நாள் மறந்து சுவரில் செருகிவிடும் ஆபத்து என்றும் இருக்கும்.

விலையை ஒப்பிடும்போது டிரான்ஸ்ஃபார்மர் விலையையும், பயணிகளுக்கான வரியற்ற வரம்பைத் தாண்டும் தொகைக்குச் சுங்கவரியையும் சேருங்கள். பழுதானால் ஜப்பானுக்கே அனுப்பி வாங்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஒரு நாட்டில் விற்றதற்கு இன்னொரு நாட்டில் வாரண்டி தருவது இந்தத் தொழிலில் வழக்கமில்லை. தம்பி ஆண்டுதோறும் வந்துபோகிறவர் என்றால் துணிந்து வாங்கலாம். அவர் கையிலேயே கொடுத்தனுப்பிச் சரிசெய்துகொள்ளலாம். இல்லையென்றால், இங்கே 230 வோல்ட்டுக்கானதை விற்று, பழுதுக்கும் பொறுப்பேற்கும் டீலரிடம் கூடுதல் விலை கொடுத்தே வாங்குங்கள். ஹெட்போன்களிலேயே டீலரின் துணை மிக அதிகமாகத் தேவைப்படுவது இந்த வகைக்குத்தான்.

கேள்வி: "கம்பெனி எங்களைத் தள்ளுபடி தரவே விடுவதில்லை" என்று டீலர் சொல்கிறார். இது உண்மையாக இருக்குமா?
(ஒரு வாசகர், சென்னை)

பதில்: இருக்கலாம், பல உயர்ரகக் கம்பெனிகள் தங்கள் பொருளின் விலை கடைக்குக் கடை மாறுவதை விரும்புவதில்லை. ஆனால் டீலர் இதற்குக் கீழே விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்துவது போட்டியைப் பாதிக்குமானால், 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. டீலர்கள் தரும் தள்ளுபடிக்கு வரம்பு கட்டியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2021-இல் மாருதி சுசுகி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீட்டுக்குப் போனது. உங்களுக்கு இதில் வழக்காட வேண்டிய அவசியமில்லை. விலையைக் குறைக்க இயலாத டீலரிடம் வேறு வகையில் கேளுங்கள்: கூடுதல் பேடு, நல்ல கேபிள், வாரண்டிக்குப் பின் ஓராண்டு இலவசமாகப் பார்த்துத் தருவதாக எழுத்தில் ஓர் உறுதி. கடைசியாகச் சொன்னதை எந்தக் கம்பெனியும் தடுப்பதில்லை.

கேள்வி: கடையில் டெமோவுக்கு வைத்திருந்த ஹெட்போனைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
(ஒரு வாசகி, புதுச்சேரி)

பதில்: வாங்கலாம், தள்ளுபடியும் கடையின் துணையும் ஒருசேரக் கிடைக்கும் வாய்ப்பு இது ஒன்றுதான். ஆனால் சொல்லும் விலை, அதே மாடல் புதிதாக ஆன்லைனில் கிடைக்கும் விலையைவிட நன்றாகவே குறைந்திருக்க வேண்டும். ஓராயிரம் ரூபாய் வித்தியாசத்துக்குப் பலர் தலையில் ஏறிய பொருளை வாங்க வேண்டாம். எவ்வளவு காலமாக டெமோவில் இருந்தது என்று கேளுங்கள். பேடுகள் தட்டையாகியிருந்தால் புதியவை போட்டுத் தரச் சொல்லுங்கள். தாழ்ந்த சுரத்திலிருந்து படிப்படியாக உயரும் சோதனை ஒலியைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, இரு பக்கமும் உரசலோ கரகரப்போ இல்லை என்று உறுதி செய்யுங்கள். பிறகு மோனோவில், அதாவது இரு பக்கமும் ஒரே ஒலி வரும்படி, ஒரு குரலைக் கேளுங்கள். அது தலையின் நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பீஸ் வேண்டாம்.

வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதையே முக்கியமாகப் பார்க்க வேண்டும். டெமோவுக்கு எடுத்த நாளிலிருந்தே கம்பெனி கணக்கிட்டால், பாதிக் காலம் ஏற்கெனவே கழிந்திருக்கக்கூடும். சீரியல் நம்பரைக் கொடுத்துக் கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மீதிக் காலத்துக்குக் கடையே பொறுப்பேற்பதாகச் சொன்னால், டெமோ பீஸ் என்பதையும் பொறுப்பேற்கும் காலத்தையும் சீரியல் நம்பரோடு பில்லிலேயே எழுதி, கடை முத்திரையிட்டு வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள்.